கட்சி மாறும் நேரம்

ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் மாமனாரின் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள் மருமகள். நர்ஸ் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க, இங்க இருந்தா தொலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஏற்கெனவே கழுவியதுதான். ஆனாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மேல்வரிசையை விரலால் தேய்த்தபடி, இது வாயில் இல்லாமல் அவர் ஒரு நாளும் வாதத்துக்கு உட்கார்ந்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். பொக்கை வாயால் பேசினால் நியாயம்கூடக் கெஞ்சுவது மாதிரித்தான் கேட்கும் என்பார்.

"அண்ணி, டாக்டர் கூப்பிடறாங்க. சீக்கிரம் வாங்க."

நாத்தனார் வெளியூரிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய பெட்டி இன்னும் வரவேற்பறை நாற்காலிக்கு அடியில் கிடந்தது. வந்த வேகத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், அதற்கப்புறம் எங்கேயும் உட்காரவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரி. தூக்கம் கெட்ட முகம். அவள் எதிரே மருமகளின் கணவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"மூளைக்குள்ள ரத்தக்கசிவு நேத்தைவிடப் பெருசாயிருக்கு," என்றாள் டாக்டர். "மூச்சு தளர ஆரம்பிச்சிருக்கு. தொண்டைல குழாய் விட்டு மெஷின்ல போடலாம். போட்டா கொஞ்ச நாள் இழுக்கலாம். கண் முழிப்பார்னு நான் சொல்ல மாட்டேன். போடலைன்னா வலி தெரியாம பாத்துக்குவோம். முடிவு நீங்கதான் சொல்லணும். இதைப் பத்தி அவர் எப்பவாவது பேசியிருக்காரா?"

"பேசியிருக்கார்," என்றான் கணவன்.

"பேசியிருக்கார்," என்றாள் நாத்தனாரும் அதே மூச்சில்.

டாக்டருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. நிறைய பேர் வாயே திறக்க மாட்டாங்க. என்ன சொன்னார்?"

"மெஷின் கூடவே கூடாதுன்னார்."

"கடைசி மூச்சு வரைக்கும் விடக் கூடாதுன்னார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் இருவரையும் பார்த்தாள். பிறகு, "பேசிட்டு வாங்க. ஆனா ரொம்ப நேரம் எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மாமனார் இரண்டையும் சொல்லியிருந்தார், ஒரே மாலையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மருமகளிடம்தான் சொன்னார்.

இதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் பேச்சு என்றால் அப்பாவும் பிள்ளையும் போடும் சண்டைதான். தொலைக்காட்சியில் செய்தி ஆரம்பித்தால் போதும், பஸ் ஸ்டிரைக்கோ தூக்குத் தண்டனையோ எதுவாக இருந்தாலும் அப்பா ஒரு பக்கம் இழுப்பார், பிள்ளை மறுபக்கம் இழுப்பான், கடைசியில் பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவான். நாத்தனார் படிப்பைச் சாக்குச் சொல்லி வெளியூர் போனதற்கும் இந்தச் சத்தம் ஒரு காரணம் என்று அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள். ஒரு கட்டத்தில் பிள்ளை, "இனிமே இந்த வீட்டுல அரசியல் பேசறதா இருந்தா என்னை விட்டுடுங்க" என்று கைகழுவிவிட்டான். அப்பாவுக்கு மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். பேச ஆளில்லாமல் செய்தித்தாளைப் பார்த்துத் தானே உறுமிக்கொண்டிருந்தார்.

மருமகளின் வேலை ஒரு துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை கோபக்காரர்களிடம் "நீங்க சொல்றது சரிதான் சார்" என்று சொல்ல வேண்டும். சரியாக இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். அப்படிச் சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போய் வீடு திரும்பிய ஒரு மாலையில், பஸ் ஓட்டுநர்கள் ஸ்டிரைக்கைப் பற்றி மாமனார் கேட்க ஆளில்லாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவள் டீ டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, "நீங்க சொல்றது தப்பு மாமா" என்றாள்.

அந்த வார்த்தையைச் சொன்னதில் அவளுக்கே தலைசுற்றுகிற மாதிரி ஒரு சந்தோஷம். மாமனார் எகிறினார். இவளும் விடவில்லை. டீ தீர்ந்தபோது சண்டை முற்றிப்போயிருந்தது. பிள்ளையிடம் நடந்ததுதான் இங்கேயும் நடக்கப் போகிறது என்று பயந்து, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சரி மாமா, இப்ப நீங்க என் பக்கம் பேசுங்க. நான் உங்க பக்கம் பேசறேன். யாரு நல்லாப் பேசறாங்கன்னு பாப்போம்."

மாமனார் கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். ஓட்டுநர்கள் பக்கம் நின்று அவர் பேசிய பேச்சில், அவளுக்கே தன் பக்கத்தில் இவ்வளவு நியாயம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. டம்ளர் காலியானால் கட்சி மாற வேண்டும். மாறிய பிறகு பாதி மனசோடு பேசக் கூடாது, எதிராளி மனம் மாறுகிற அளவுக்குப் பேச வேண்டும். மூன்றாவதாக அவளே ஒரு சட்டம் போட்டாள்: எல்லாம் முடிந்தபின் "உன் சொந்தக் கருத்து என்ன" என்று ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த நாள் அதைக் காப்பாற்றுவதற்காகவே பேசத் தோன்றும் என்றாள். மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. குடிநீர் வாரியப் பம்ப் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வேலை செய்த காலமெல்லாம் சங்கத்துக்காரனும் அதிகாரியும் "நீ எந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம்" என்றே உயிரை வாங்கினார்கள், வீட்டிலாவது ஒருத்தி அதைக் கேட்காமல் இருக்கிறாளே என்றார்.

இந்தப் பழக்கம் அவரை வெளியில் ஒருமுறை வம்பிலும் மாட்டிவிட்டது. குடியிருப்பில் காலியாக இருந்த வீட்டை எங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதா கூடாதா என்று கூட்டம் போட்டார்கள். மாமனார் எழுந்து விடலாம் என்று பேசினார், ஒரு பாதி கை தட்டியது. பிளாஸ்டிக் கப்பில் கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். மறுபடி எழுந்து விடக் கூடாது என்று பேசினார். கூட்டம் கலைந்தபோது இரண்டு தரப்பும் அவரோடு பேசவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு "எதிர்க்கட்சி" என்று பெயர் வைத்தார்.

அந்தத் தையல்காரர்தான் சில மாதங்களுக்கு முன் மூச்சு மெஷினில் கிடந்து செத்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் ஒரு மாலை மாமனாரும் மருமகளும் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். மாமனார் முதல் பாதியில் மெஷின் கூடாது என்றார். கணவன் அப்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான், கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டான். டம்ளர் காலியானது. மாமனார் மெஷின் வேண்டும் என்ற கட்சிக்கு மாறினார். நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "இரும்மா, முக்கியமான விஷயம் ஓடிக்கிட்டிருக்கு" என்று சொல்லி, போனை அணைக்காமலே மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வாக்கியத்தை முடித்தார். பிறகு "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். ஆளுக்கொரு பாதி. இரண்டும் கேட்டவள் ஒருத்திதான். அவளோ சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவள்.

வராந்தாவில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு தடித்துக்கொண்டிருந்தது.

"நான் என் காதால கேட்டேன்," என்றான் கணவன். "அவரை இப்படிக் கட்டி வெச்சுச் சித்திரவதை பண்ணச் சொல்றியா?"

"அப்ப நான் கேட்டது பொய்யா? நீ கூடவே இருந்து பாத்துக்கிட்ட, உனக்கு அலுத்துப்போச்சு. எனக்கு அலுக்கலை அண்ணா."

"அலுத்துப்போச்சா? யாரு, நானா? வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கறவ பேசற பேச்சா இது?"

வார்த்தை விழுந்த இடத்தில் நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றிருந்த யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார். கணவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இவளைக் கேளு. அவர்கிட்ட எல்லாம் பேசினது இவதான். நீயே சொல்லு, அவர் என்ன சொன்னார்?"

"சொல்லுங்க அண்ணி. அப்பா மனசு உங்களுக்குத்தான் தெரியும்."

தெரியாது. அதுதான் உண்மை. இத்தனை வருஷம் நாள் தவறாமல் பேசிய மனிதரின் மனசில் இந்த ஒரு விஷயத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் அது நடந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. பல்செட் டப்பாவைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் சொன்னார்," என்றாள்.

"என்ன பேச்சு இது?" என்றான் கணவன்.

"டீ தீந்ததும் மாத்திப் பேசினார். உங்களுக்குத் தெரியாதா? நீங்க முதல் பாதி கேட்டீங்க. இவ ரெண்டாவது பாதி கேட்டிருக்கா."

"அந்த விளையாட்டா?" நாத்தனாருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உயிர் போற விஷயத்துல கூடவா அண்ணி விளையாடினீங்க? உங்களுக்குப் பொழுது போகறதுக்கு எங்கப்பாவை ரெண்டாப் பொளந்து வெச்சிட்டீங்களே."

மருமகளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. அப்பாவோடு தினமும் உட்கார்ந்தது யார், நீங்கள் இரண்டு பேரும் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் உக்காருங்க," என்றாள். "அவர் பேசினதை அப்படியே சொல்றேன். ரெண்டையும். நீங்க கேக்காத பாதியைக் கேளுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

என்ன தோன்றியதோ, உட்கார்ந்தார்கள். ஒன்றோடொன்று இணைத்த நாற்காலிகளில் நடுவில் ஓர் இடம் விட்டு அண்ணனும் தங்கையும். அவள் எதிரே நின்றாள். மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒரு கூச்சம் முதலில் இருந்தது. பேச ஆரம்பித்ததும் அவருடைய குரலே வந்துவிட்டது.

"முதல் பாதியில சொன்னார்: 'காலமெல்லாம் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கெடந்தவன் நான். தொட்டியில தண்ணி இல்லாம மோட்டாரை ஓட விட்டா சத்தம் நல்லாத்தான் வரும். வெளியில நிக்கறவன் தண்ணி ஏறுதுன்னு நினைச்சுப்பான். உள்ள மோட்டார் வெந்துக்கிட்டிருக்கும். ஓட விடறதுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், யார் வேணா ஓட விடலாம். எப்ப அணைக்கணும்னு தெரிஞ்சவன்தான் ஆபரேட்டர். தையல்காரனைப் பாத்துட்டு வந்தேன். அங்க சத்தம் மட்டும்தான் இருக்கு. எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம்.'"

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா வேலைக்குப் போன நாட்களில் வீட்டில் யாரும் மோட்டாரைப் பற்றிக் கேட்டதேயில்லை. சோப்பு போட்டும் போகாத எண்ணெய் வாசம் மட்டும்தான் அவளுக்கு ஞாபகம்.

"ரெண்டாவது பாதியில சொன்னார்: 'தையல்காரன் பொண்டாட்டியைப் போய்க் கேளு. தினம் போய் அவன் காதுல வீட்டு விஷயமெல்லாம் சொல்லிட்டு வரா. பால்காரன் ஏமாத்தினது, பேத்தி மார்க் வாங்கினது, எல்லாம். அவனுக்குக் கேக்குதோ இல்லையோ, அவளுக்குச் சொல்ல ஒரு காது இருக்கு. என் மூச்சு எனக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டு நான் முதல்ல பேசிட்டேன், அது திமிர். அணைச்சதுக்கு அப்புறம் திரும்பப் போட இதுல சுவிட்ச் கிடையாது. சந்தேகம் இருக்கறவன் கை வைக்கக் கூடாது. கடைசி மூச்சு வரைக்கும் விடக் கூடாது.'"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

இரண்டும் சமமாகத்தான் நின்றன. அந்த மனிதர் ஒரு கட்சியையும் நோஞ்சானாக விட்டுவைத்ததில்லை. அண்ணனும் தங்கையும் அவள் முகத்தையே பார்த்தார்கள், இன்னும் ஏதோ வரப் போகிறது என்கிற மாதிரி. உள்ளே ஐ.சி.யூ. கதவு திறந்து ஒரு நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். மருமகளின் வாய் மறுபடி திறந்தது.

"கடைசியா ஒண்ணு சொன்னார். 'என் பொண்ணு தூரத்துல இருக்கா. அவ வந்து என் முகத்தைப் பாக்கற வரைக்கும் மெஷின் வேணும். பாத்துட்டான்னா போதும். அது எனக்காக இல்லை, அவளுக்காக'ன்னார்."

இந்த வரியை மாமனார் சொல்லவில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. ஒரு கட்சியை எடுத்துக்கொண்டால் அதற்குள்ள எல்லா நியாயத்தையும், எதிராளி சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் பழகிய வாய். பழக்க தோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் இல்லை. ஐ.சி.யூ.வுக்குள் கயிறு மாதிரிக் கிடந்த அந்தக் கைகளைக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து, அவளுக்கும் ஒரு சொந்தக் கருத்து இருந்திருக்கிறது. அது இந்த நேரம் பார்த்தா வெளியே வர வேண்டும்? இல்லை, இது நானாகச் சேர்த்தது என்று உடனே சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது.

அதற்குள் நாத்தனாரின் முகம் மாறிவிட்டது.

"நான்தான் வந்துட்டேனே அண்ணி," என்றாள். "வந்து பாத்துட்டேனே. வந்த உடனே பாத்துட்டேன், பெட்டியைக்கூட எங்கயோ போட்டுட்டு ஓடினேன்." பிறகு அண்ணனின் பக்கம் திரும்பி, நடுவில் இருந்த காலி நாற்காலிக்கு நகர்ந்து, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "வேண்டாம் அண்ணா. மெஷின் வேண்டாம். அப்பா என்னைப் பாக்கணும்னுதான் இருந்திருக்கார்."

கணவன் தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தான். அவள் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டது.

"நல்லாப் பேசின," என்றான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் டாக்டரிடம் பேசப் போன நேரத்தில் அவள் உள்ளே போனாள். மாமனாரின் வாய் பல்செட் இல்லாமல் உள்ளே ஒடுங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் ரொம்ப நேரம் ஆனது. காதுக்கருகே குனிந்தாள்.

"மாமா, நான் ஒரு வரி சேத்துச் சொல்லிட்டேன்."

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். முதலில், "அடுத்தவன் வாயில வார்த்தையைத் திணிக்கறதைவிட மோசமான திருட்டு இல்லை" என்று மேஜையைத் தட்டியிருப்பார். டம்ளர் காலியானதும், "ஒரு பொண்ணு வாழ்நாளெல்லாம் அழாம இருக்கறதுக்கு ஒரு வரி பெருசா?" என்றும் கேட்டிருப்பார். இதுவும் அவளாக அவர் வாயில் போடுவதுதான். இரண்டு பக்கமும் ஒருத்தியே பேசினால் அது வாதமில்லை, வெறும் புலம்பல். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க சொந்தக் கருத்து என்ன மாமா?" என்றாள். சட்டத்தை மீறி அவள் கேட்டது அது ஒரு தடவைதான். மூச்சு ஒன்று வந்து போயிற்று. அடுத்தது வர நேரமானது.

மதியத்துக்குப் பிறகு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். நாத்தனார் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். கணவன் மறுபக்கம் நின்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அதற்குமேல் இடமில்லை. மருமகள் கதவோரம், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் நின்றாள். உயிர் போனது அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனாரின் முதுகு குலுங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களால் வீடு நிறைந்தது. குடியிருப்புக் கூட்டத்துக்குப் பிறகு பேசாமல் இருந்த இரண்டு தரப்பும் வந்தது. நாத்தனார் ஒவ்வொருவருக்கும் அந்த வரியைச் சொன்னாள். "என் பொண்ணு வந்து முகத்தைப் பாக்கற வரைக்கும்தான் மெஷின், பாத்துட்டான்னா போதும்னு சொல்லி வெச்சிருந்தாராம். அண்ணிகிட்ட." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல வரி வளர்ந்தது. சாயங்காலத்துக்குள் அதில் மகளின் செல்லப்பெயரும் வந்து சேர்ந்துவிட்டது.

"இப்படித் தெளிவாச் சொல்லிட்டுப் போக யாருக்கு வாய்க்கும்?" என்றார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். "என்ன இருந்தாலும் ஒரே பேச்சுக்காரர்."

எதிர்க்கட்சியைப் பார்த்து ஒரே பேச்சுக்காரர் என்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடம். சேர்ந்து சிரிக்கத் தையல்காரரும் இல்லை. மருமகள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே தையல்காரரின் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், இவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள். இவள் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

சடங்குகள் எல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த ஒரு மாலை, அவள் டீயை எடுத்துக்கொண்டு கணவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். தொலைக்காட்சியில் யாரோ, குழந்தையைக் கொன்ற ஒருவனைத் தூக்கில் போட்டதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தூக்குல போட்டது தப்புன்னு தோணுது," என்றாள்.

"ம்."

"இல்ல, போட்டது சரின்னும் சொல்லலாம். அந்தக் குழந்தையோட அம்மா இடத்துல இருந்து பாத்தா."

"ஆமா, நீ சொல்றதும் சரிதான்," என்றான் கணவன், அன்பாகத்தான். அவளை வருத்தப்படுத்தக் கூடாது என்று இருந்தான். அவளுடைய டீ பாதிகூடக் குறையவில்லை. வேலை நேரத்தில் அவளே சொல்லும் வாக்கியத்தைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய் அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டாள்.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பிய காலையில் கணவன் வேலைக்குப் போயிருந்தான். டாக்சிவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருமகள்தான் வந்தாள். வரும்போது இருந்ததைவிட நாத்தனாரின் முகம் நிதானமாக இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றாள். இனிமேல் அடிக்கடி வருவேன் என்றாள். அண்ணனும் அவளும் இந்த நாட்களில் பேசிய பேச்சு, முன்னே பல வருஷங்களில் பேசியிருக்க மாட்டார்கள்.

டாக்சியில் ஏறி உட்கார்ந்தவள், கண்ணாடியை இறக்கி, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் அன்னிக்கே போச்சு."

"அப்பா என்னைப் பத்திச் சொன்னாரே, நான் வர வரைக்கும்னு. அதை எப்படிச் சொன்னார்? சும்மா விளையாட்டுக்குச் சொல்ற மாதிரி சத்தமாவா? இல்ல..."

தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் நாத்தனாரின் கையைப் பார்த்தாள். மாமனாரின் விரல்கள்தான் அவளுக்கும், நகம் அகலம். டாக்சிக்காரர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"சத்தமா இல்லை," என்றாள் மருமகள். "எல்லாம் பேசி முடிச்சுட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, மெதுவாத்தான் சொன்னார்."

"மெதுவாவா?" நாத்தனாரின் கண் விரிந்தது. சிரிப்பும் அழுகையுமாக முகம் சுருங்கியது. "எங்கப்பா மெதுவாப் பேசி நான் கேட்டதேயில்லை அண்ணி."

"ம்."

"உங்களுக்காவது கேக்கக் கிடைச்சுதே."

டாக்சி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டி, "பின்கதவு சரியா மூடலைம்மா" என்றார். மருமகள் வேகமாக நடந்து போய்க் கதவைத் திறந்தாள். நாத்தனாரின் துணி ஓரம் இடுக்கில் சிக்கியிருந்தது. அதை எடுத்து உள்ளே விட்டு, இந்த முறை அழுத்தி மூடினாள்.